ராக்கெட் கிளம்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? கூடவே இன்னொரு கேள்வி

நிலாமுற்றம்

எல்லோருக்கும் வணக்கம். சின்ன வயதிலிருந்து ராக்கெட் ஏவுவதை டிவியிலும் போனிலும் மட்டுமே பார்த்து வளர்ந்தவள் நான். அடுத்த மாதம் வேலை விஷயமாக ஃபுளோரிடா போகிறேன். அதே வாரத்தில் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து நான்கு பேர் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்புகிறார்கள், ஃபால்கன் 9 ராக்கெட்டில், டிராகன் கலத்தில். எப்படியோ ஒரு டிக்கெட் கிடைத்துவிட்டது, பார்வையாளர் இடத்துக்கும் ஏவுதளத்துக்கும் நடுவே 6 கிலோமீட்டர் சொச்சம் இருக்குமாம். அவ்வளவு தூரத்தில் என்னதான் தெரியும்? டிவியில் பார்ப்பதைவிட உண்மையிலேயே வேறு மாதிரி இருக்குமா? தள்ளிப்போனால் என்ன செய்வது? நேரில் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். போகிற நால்வரில் இரண்டு பேர் அமெரிக்கர்கள், ஒருவர் ஜப்பானியர், ஒருவர் ரஷ்யர். கீழே இந்த நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும்போது மேலே எப்படி ஒரே கூரைக்குக் கீழ் ஆறு மாதம் இருக்கிறார்கள்? என் தோழி ஒருத்தி "அதெல்லாம் போட்டோவுக்காகச் செய்வது, கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்" என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஏன் தோன்றவில்லை என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் விவரம் இல்லை.

தெற்குவானம்

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். மூன்று முறை போயிருக்கிறேன், இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒன்று ஸ்ரீஹரிகோட்டாவில் பகல் நேரத்து பி.எஸ்.எல்.வி., இன்னொன்று நீங்கள் போகப்போகும் அதே இடத்தில், இரவில், ஆட்கள் போன ஃபால்கன். நடுவில் ஒரு முறை மேலடுக்குக் காற்று சரியில்லை என்று கடைசி 20 நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள், அழுகை வராத குறையாகத் திரும்பி வந்தேன்.

டிவிக்கும் நேருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் சத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது சத்தம் வருவதற்கு முன்னால் இருக்கும் அமைதி. கவுண்ட்டவுன் முடிகிறது, அடிவானத்தில் வெளிச்சம் வெடிக்கிறது, சுற்றியிருக்கும் தண்ணீர், மரம், முகம் எல்லாம் ஆரஞ்சு நிறமாகிறது, நம் நிழல் தரையில் விழுகிறது. ஆனால் ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பெரிய பொருள் சத்தமே இல்லாமல் தரையை விட்டு எழும்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி எடுக்கும், அப்படியென்றால் உங்களுக்கு 18 விநாடி. மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருங்கள். அது வந்து சேரும்போது காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டுக்குத்தான் தெரியும். அப்புறம் பட்பட்டென்று வெடிக்கிற மாதிரி ஒன்று, பெரிய துணியை யாரோ வானத்தில் கிழிப்பது போல, அதை எந்த ஒலிபெருக்கியிலும் நான் கேட்டதில்லை.

பி.எஸ்.எல்.வி. வேறு ரகம். அதன் முதல் கட்டம் திட எரிபொருள், அதில் அலுமினியத் தூள் கலந்திருப்பதால் சுடர் வெல்டிங் பொறி மாதிரி கண்ணைக் கூசும், பின்னால் கெட்டியாக வெள்ளைப் புகைத் தூண் நிற்கும். ஃபால்கன் மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிப்பது, அதனால் ஆரஞ்சுச் சுடர், புகை குறைவு. இரண்டையும் பார்த்தபின் எனக்கு எது பிடித்தது என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

தள்ளிப்போவதைப் பற்றி. விண்வெளி நிலையத்துக்குப் போகும் ராக்கெட்டுக்குக் குறிப்பிட்ட ஒரு கணம்தான் உண்டு. நிலையத்தின் சுற்றுப்பாதைத் தளத்துக்கு அடியில் பூமி சுழன்று ஏவுதளத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் கணம் அது. தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான், அடுத்த நாள் அந்தக் கணம் 20 நிமிடத்துக்கும் மேல் முன்னதாக வரும். அதோடு ஃபால்கனில் கிளம்ப 35 நிமிடம் இருக்கும்போதுதான் எரிபொருள் நிரப்பத் தொடங்குவார்கள், வீரர்கள் அதற்கு முன்பே உள்ளே உட்கார்ந்து பெல்ட் மாட்டியிருப்பார்கள், நிறுத்தி யோசிக்க இடமே இல்லை. ஏவுதளத்தில் வானம் தெளிவாக இருந்தும் ரத்தானால் கோபப்படாதீர்கள். நடுவழியில் கோளாறு வந்து கலம் தப்பிக்க நேர்ந்தால் எங்கே விழும் என்று பார்த்து, அயர்லாந்துக் கரை வரைக்கும் அட்லாண்டிக் கடலின் அலையையும் காற்றையும் கணக்கில் எடுப்பார்கள். உள்ளே இருப்பது நான்கு உயிர். கையில் குறைந்தது இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் ஒரு நிமிடம் போனைத் தொடாதீர்கள். உங்களைவிட நல்ல கேமரா வைத்திருக்கும் நூறு பேர் அங்கே இருப்பார்கள், படம் அவர்களிடமிருந்து கிடைக்கும். முதல் கட்டம் கரைக்கே திரும்பி இறங்குவதாக இருந்தால் ஏழு எட்டு நிமிடம் கழித்து அடுத்தடுத்து இடி மாதிரிச் சத்தம் வரும், பயந்துவிடாதீர்கள், ஒலியைவிட வேகமாக வருவதால் உண்டாகும் அதிர்வு அது.

அலைவரிசை

தெற்குவானம் சொன்ன அந்தத் துணி கிழிவது பற்றி மட்டும். நான் ஒலியியல் படித்தவன். சாதாரண ஒலி அலை சீராக ஏறி இறங்கும். ராக்கெட் சுடரிலிருந்து வரும் ஒலி அவ்வளவு வலுவானது என்பதால் அலையின் முன்பக்கம் செங்குத்தாகிவிடும், ஒவ்வொன்றும் குட்டி அதிர்ச்சி அலை மாதிரி வந்து மோதும், அதுதான் அந்தப் பட்பட். போன் மைக் அந்தத் திடீர் ஏற்றத்தைப் பிடிக்க முடியாமல் தட்டையாக்கிவிடுகிறது. நெஞ்சில் உணர்வது தாழ்ந்த அதிர்வெண் பகுதி, அதை வீட்டு ஸ்பீக்கர்களால் கொடுக்க முடியாது.

இன்னொன்று, ஏவும்போது தளத்தில் அருவி மாதிரி தண்ணீர் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நெருப்பை அணைக்க என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் என்ற விண்வெளி ஓடங்கள் பறந்த காலத்தில் 11 லட்சம் லிட்டருக்கு மேல் கொட்டினார்கள், முதல் காரணம் சத்தம். 1981 ஏப்ரல் 12-ஆம் தேதி முதல் ஷட்டில் கிளம்பியபோது பக்கவாட்டு பூஸ்டர் ராக்கெட்டுகள் பற்றி எரிந்ததால் எழுந்த அழுத்த அலை தளத்தில் மோதித் திரும்பிக் கலத்தையே உலுக்கியது, அதற்குப் பிறகு தண்ணீர் ஏற்பாட்டை மாற்றியமைத்தார்கள். ராக்கெட் தன் சொந்தச் சத்தத்தாலேயே அடிபடும் பொருள். 6 கிலோமீட்டர் தள்ளி நிற்கச் சொல்வதில் வியப்பில்லை.

பழையரேடியோ

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளம்மா. 1975 ஜூலையில் நான் பள்ளிக்கூடப் பையன். அமெரிக்க அப்போலோவும் சோவியத் சோயூஸும் விண்வெளியில் இணைந்த செய்தியை ரேடியோவில் கேட்டேன். உன் தோழி சொல்கிற கைகுலுக்கல் அதுதான், அமெரிக்கத் தளபதி ஸ்டாஃபோர்டும் சோவியத் தளபதி லியோனோவும். அந்தப் படம் உலகம் முழுக்க வந்தது. ஆனால் அந்தக் கைகள் சேர்வதற்கு முன்னால் தீர்க்க வேண்டியிருந்த பிரச்சினைகளைப் பற்றிப் பிற்பாடு படித்தபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது.

முதல் பிரச்சினை காற்று. அப்போலோவுக்குள் இருந்தது கிட்டத்தட்டத் தூய ஆக்சிஜன், அழுத்தம் நாம் தரையில் சுவாசிப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். சோயூஸுக்குள் சாதாரணக் காற்று, தரையில் இருக்கும் அதே அழுத்தம். நேராகக் கதவைத் திறந்து சோயூஸ்காரர் அப்போலோவுக்குள் போனால் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகும், ஆழ்கடலிலிருந்து வேகமாக மேலே வருபவர்களுக்கு ஆகிற மாதிரி. அதற்காக நடுவில் ஒரு தனி அறையையே அமெரிக்கர்கள் செய்து எடுத்துப்போனார்கள். சோவியத் தரப்பு தன் கலத்தின் அழுத்தத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டது. இருவரும் பாதிப் பாதி வந்தார்கள்.

அடுத்தது இணைப்பு. அதுவரை ஒரு கலத்தில் முளை இருக்கும், மற்றதில் குழி இருக்கும். யார் முளை, யார் குழி? இந்தப் பேச்சே வேண்டாம் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான வளையத்தைச் சேர்ந்து வடிவமைத்தார்கள், எந்தப் பக்கமும் முன்னால் வரலாம், எந்தப் பக்கமும் ஏற்றுக்கொள்ளலாம். பின்னாளில் அமெரிக்க ஷட்டில்கள் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தோடும் இப்போதைய நிலையத்தோடும் இணைந்தது அந்த வழியில் வந்த ரஷ்ய வளையத்தில்தான்.

மூன்றாவது மொழி. ஆளாளுக்குத் தன் மொழியைப் பேசினால் கேட்பவருக்குத் தடுமாற்றம், அதனால் அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியிலும் சோவியத் வீரர்கள் ஆங்கிலத்திலும் பேசுவது என்று முடிவானது. தன் மொழியில் வேகம் கூடிவிடும், அடுத்தவர் மொழியில் நிதானமாகத்தான் பேச வரும், கேட்பவருக்கும் புரியும். ஸ்டாஃபோர்டின் சொந்த மாநிலமான ஓக்லஹோமாவின் வாடை அடிக்கும் ரஷ்ய மொழியைக் கேட்டு லியோனோவ், இங்கே பேசப்படுவது மூன்று மொழி, ரஷ்யன், ஆங்கிலம், ஓக்லஹோமாஸ்கி என்று கேலி செய்தார். இரண்டு பேரும் கடைசிவரை நண்பர்கள். 2019-இல் லியோனோவ் இறந்தபோது ஸ்டாஃபோர்ட் அவ்வளவு வயதில் போய் இறுதிச் சடங்கில் பேசினார்.

சரி, இப்போதைய நிலையத்துக்கு வருகிறேன். நீ போய் நிற்கும்போது ஒன்றைக் கவனி. ராக்கெட் எழும்பிக் கொஞ்ச நேரத்தில் நேர்க் கிழக்கே போகாது, உனக்கு இடப்பக்கமாக, வடகிழக்கே சாயும், அமெரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டியபடியே ஏறும். ஃபுளோரிடா ஏவுதளம் இருப்பது 28.5 டிகிரி அட்சரேகையில். அங்கிருந்து நேர்க் கிழக்கே ஏவினால் பூமியின் சுழற்சி வேகம் முழுதாகக் கைகொடுக்கும், அதிகப் பளு ஏற்றலாம். அமெரிக்கா தனியாக நிலையம் கட்டத் திட்டமிட்டிருந்தபோது சுற்றுப்பாதையின் சாய்வாக அந்த 28.5 டிகிரியைத்தான் வைத்திருந்தது. ரஷ்யா சேர்ந்தபின் அது 51.6 ஆனது. ஏனென்றால் கஜகஸ்தானில் உள்ள பைக்கோனூர் ஏவுதளம் 46 டிகிரியில் இருக்கிறது, அங்கிருந்து நேர்க் கிழக்கே ஏவினால் கழன்று விழும் பாகங்கள் சீனப் பக்கம் போகும், அதனால் அவர்கள் இன்னும் வடக்கே சாய்த்து ஏவுவார்கள். பைக்கோனூர்காரர்களால் எட்ட முடிய வேண்டும் என்பதற்காக அமெரிக்கர்கள் ஒவ்வொரு ஷட்டில் பயணத்திலும் டன் கணக்கில் பளுவை விட்டுக்கொடுத்தார்கள். நீ பார்க்கப்போகும் அந்த இடப்பக்கச் சாய்வு அந்த விட்டுக்கொடுத்தல்தான், கண்ணாலேயே பார்க்கலாம். போட்டோவுக்காக யாரும் சுற்றுப்பாதையை மாற்றமாட்டார்கள் என்று உன் தோழியிடம் சொல்.

அந்த 51.6 டிகிரியால் இன்னொரு நன்மையும் வந்தது, உலக மக்களில் 90 சதவீதத்துக்கும் மேலானோர் வாழும் நிலப்பரப்பின் மேல் நிலையம் பறக்கிறது, பெரும்பாலோர் தங்கள் வீட்டு மாடியிலிருந்தே வெறும் கண்ணால் பார்க்கலாம்.

மறுபக்கம்

பழையரேடியோ ஐயா சொன்ன தகவல்களை மறுக்கவில்லை, ஆனால் முடிவோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. நட்பு என்று ரொம்பவும் நம்பிவிட்டால் ஏமாந்துபோவோம். உக்ரைன் போர் வெடித்த 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவும் ரஷ்யாவும் சேர்ந்து பல ஆண்டு உழைத்த செவ்வாய் ஊர்தி, ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், அந்த ஆண்டு செப்டம்பரில் கிளம்பியிருக்க வேண்டும், மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். பைக்கோனூரில் ராக்கெட்டின் மேல் ஏற்றித் தயாராக நின்ற, ஒன்வெப் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் கிளம்பவே இல்லை, அந்த நிறுவனத்தின் வேறு 72 செயற்கைக்கோள்களை இஸ்ரோவின் எல்.வி.எம்.3 ராக்கெட்தான் இரண்டு தடவையாகக் கொண்டுபோனது, 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும். சீனாவோடு நேரடியாகக் கைகோக்க நாசாவுக்கு 2011 முதல் அமெரிக்கச் சட்டமே தடை போட்டிருக்கிறது, அவர்கள் தனியாக ஒரு நிலையம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நிலையம் மட்டும் ஏன் பிழைத்தது? பிரிக்க முடியாதபடி கட்டியிருக்கிறார்கள். கீழே இறங்கிக்கொண்டேயிருக்கும் சுற்றுப்பாதையைத் தள்ளி உயர்த்தும் வேலையில் பெரும்பங்கு ரஷ்யப் பகுதியுடையது. பெரிய சூரியத் தகடுகளும் எரிபொருள் செலவில்லாமல் திசையை நிலைநிறுத்தும் சுழலிகளும் அமெரிக்கப் பகுதியில். ஒருவரை ஒருவர் விட்டுப் போக முடியாது. இதை நட்பு என்பதைவிடக் கட்டாயம் என்பது பொருத்தம்.

பழையரேடியோ

தம்பி, நீங்கள் சொன்ன உடைவுகள் எல்லாம் உண்மை, ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் விஷயம் எனக்கும் வலிதான். ஆனால் அந்தக் கட்டாயம் தானாக வந்து உட்காரவில்லையே. முதல் பாகமான ஸார்யாவை எடுத்துக்கொள்ளுங்கள், பணம் அமெரிக்காவுடையது, செய்தது ரஷ்யா, 1998 நவம்பர் 20 அன்று கிளம்பியது கஜகஸ்தானிலிருந்து. அடுத்த மாதமே ஷட்டிலில் வந்து யூனிட்டி என்ற அமெரிக்கப் பாகத்தை அதோடு பூட்டினார்கள். இப்படிப் பின்னிக்கொள்ளலாம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்ட மனிதர்கள் இருந்தார்கள். 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட அது ஆளில்லாமல் இருந்ததில்லை.

நீங்கள் சொன்ன அதே 2022-இல் நடந்த இன்னொன்று. ஜூலையில் இருக்கைகளை மாற்றிக்கொள்ள இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டன, பணம் கைமாறாமல். செப்டம்பரில் அமெரிக்கர் ஃபிராங்க் ரூபியோ சோயூஸில் போனார், அக்டோபரில் ரஷ்யரான அன்னா கிகினா டிராகனில் போனார். டிசம்பர் மாதம் ரூபியோ வந்த சோயூஸில் குளிர்விப்புத் திரவம் கசிந்து கொட்டியது, அதில் மூவர் திரும்புவது ஆபத்து. ரஷ்யா ஆளில்லாமல் வேறொரு சோயூஸை அனுப்பியது. அது வரும்வரை அவசரம் வந்தால் என்ன செய்வது என்று ரூபியோவின் உடலுக்கேற்ப வார்த்த இருக்கைப் படுகையைக் கழற்றி டிராகனுக்குள் கட்டிவைத்தார்கள், நான்கு பேர் கலத்தில் ஐந்தாவது ஆள். ஆறு மாதம் என்று போனவர் 371 நாள் கழித்து இறங்கினார். இருக்கை மாற்று ஏற்பாடு எதற்கு என்று கேட்டவர்களுக்கு அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை, ஒரு பக்கத்துக் கலம் படுத்தால் மறுபக்கத்துக் கலத்தில் தங்கள் ஆள் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் படுகையைக் கழற்றி மாட்டியவர்களுக்கு அது கட்டாயமாகத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நமக்கு நெருக்கமான ஒன்றும் சொல்கிறேன். 1963 நவம்பர் 21, கேரளக் கடற்கரையில் தும்பா. கியூபா நெருக்கடி முடிந்து ஓராண்டு கொஞ்சம்தான் ஆகியிருந்தது, இரண்டு வல்லரசும் உலகத்தை எரிக்கத் தயாராக நின்ற நேரம். தும்பாவில் ராக்கெட் அமெரிக்காவுடையது, அதில் வைத்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது, சோவியத் யூனியன் பின்னர் கணினியும் ஹெலிகாப்டரும் கொடுத்தது. பூமியின் காந்த நடுக்கோடு அந்தக் கடற்கரை வழியாகப் போகிறது, அதனால் எல்லோருக்கும் அந்த இடம் வேண்டியிருந்தது. மாதா கோயில் கட்டடம்தான் அலுவலகம். சாயங்கால வானத்தில் அந்தச் சோடியம் மேகம் ஆரஞ்சு நிறமாக ஒளிர்ந்ததைச் சுற்றுவட்டாரமே அண்ணாந்து பார்த்தது. 1968 பிப்ரவரியில் அந்தத் தளம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அன்றைக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு கடற்கரை கிடைத்தது என்பதால்தான் நமக்கு ராக்கெட் வந்தது.

மறுபக்கம்

ரூபியோ இருக்கை விவரம் எனக்குத் தெரியாது ஐயா, நன்றி. கட்டாயம் என்ற சொல்லை முழுக்க விடமாட்டேன், ஆனால் அடுத்து என்ன என்பதுதான் என் கவலை. இந்த நிலையத்தை 2030-க்குப் பிறகு கடலில் இறக்கப்போகிறார்கள், இறக்குவதற்கான கலத்தைச் செய்யும் ஒப்பந்தம்கூட 2024-இல் கொடுத்தாகிவிட்டது. அடுத்து வருபவை பெரும்பாலும் தனியார் நிலையங்கள், சீன நிலையம், தனித்தனி வீடுகள். அப்படிப் பிரிக்க முடியாதபடி இனி ஒன்றைக் கட்டுவார்களா என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

தெற்குவானம்

அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் நிசார் செயற்கைக்கோளைப் பாருங்கள், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. ஒரே 12 மீட்டர் அலைவாங்கி, அதில் ஒரு ரேடார் நாசாவுடையது, இன்னொன்று இஸ்ரோவுடையது, இரண்டையும் பிரித்தால் இரண்டுமே பாதிதான். ஆட்கள் போகும் வேலையிலும் நிலவுக்கான ஓரியன் கலத்துக்கு மின்சாரமும் காற்றும் உந்துசக்தியும் கொடுக்கும் பகுதியை ஐரோப்பா செய்கிறது. பின்னிக்கொள்வது நின்றுவிடவில்லை.

நிலாமுற்றம்

போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். முதல் நாள் மேகத்தால் ரத்து, நீங்கள் சொன்ன மாதிரி உபரி நாள் வைத்திருந்ததால் பிழைத்தேன். இரண்டாம் நாள் எண்ணினேன், பதினெட்டுக்கு முன்னாலேயே தரை அதிர்ந்த மாதிரி இருந்தது, அது என் கால் நடுக்கமா என்று தெரியவில்லை. இடப்பக்கம் சாய்ந்தது! பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் கையைக் காட்டி 51.6 என்று கத்திவிட்டேன், அவருக்கு அது புரிந்தது, தலையாட்டினார்.

அடுத்த நாள் இணைப்பை நேரலையில் பார்த்தேன், தோழியும் கூட இருந்தாள். கலம் போய் ஒட்டியதும் முடிந்தது என்று எழுந்தாள், நான் உட்காரச் சொன்னேன். கதவு திறக்க ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகிறது, கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், இரண்டு பக்கக் காற்றையும் மெதுவாகச் சமமாக்குகிறார்கள், திரையில் பூட்டிய கதவைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. 1975-இன் காற்றுக் கதையை அவளுக்கு அப்போதுதான் சொன்னேன். முழு நேரமும் உட்கார்ந்து பார்த்தாள்.